ஒட்டுண்ணிகளின் கதை – 17: ஊருக்கொரு பெயர்

கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலப் பெயர் ரஸ்ஸல்ஸ் வைப்பர். பெயரைக் கேட்டிருப்போம், யார் அந்த ரஸ்ஸல் என்று கேட்டிருக்க மாட்டோம். பேட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்து மருத்துவர். 1780களின் தொடக்கத்தில் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். 1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கர்நாடகப் பகுதிக்கு இயற்கை ஆய்வாளராக நியமித்தது. சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பிடித்துவரச் சொல்லி, படம் வரையவைத்து, கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு விஷத்தின் வேகத்தைக் குறித்துக்கொண்டார். 1796-இல் அதெல்லாம் பெரிய நூலாக வந்தது. பாம்பின் தலையில் அவர் பெயர் ஏறியது இப்படித்தான்.

இந்தத் தொடரில் அவருக்கு இடம் கிடைப்பது வேறொரு காரணத்தால். விசாகப்பட்டினத்துக்கு வருமுன் இருபது ஆண்டுகள்போல அவர் சிரியாவின் அலெப்போ நகரில் இருந்தவர். அங்கே ஆங்கிலேய லெவண்ட் கம்பெனியின் வணிகர்களுக்கு அவருடைய அண்ணன் அலெக்சாண்டர் ரஸ்ஸல் (தந்தை ஒருவர், தாய் வேறு) 1740 முதல் மருத்துவம் பார்த்தார். அண்ணன் ஊர் திரும்பியதும் அந்த நாற்காலியில் தம்பி அமர்ந்தார். அலெக்சாண்டர் 1756-இல் 'அலெப்போவின் இயற்கை வரலாறு' என்று ஒரு நூல் எழுதினார். பின்னாளில் தம்பி அதை விரிவாக்கி 1794-இல் மறுபடியும் கொண்டுவந்தார். பிளேக், செடிகொடி, சாப்பாடு, குளியல் அறை என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் அந்த நூலில் ஒரு புண்ணைப் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. ஐரோப்பிய மருத்துவம் அந்தப் புண்ணை முதன்முதலாக உட்கார்ந்து கவனித்தது அங்கேதான் என்று சொல்லலாம்.

பூச்சி கடித்த மாதிரி ஒரு சிவந்த பரு. அரிப்பும் இல்லை, பெரிய வலியும் இல்லை. வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறகு மெல்லப் பருத்து, நடுவில் பொருக்கு கட்டும். பொருக்கைப் பெயர்த்தால் அடியில் குழி. குழியைச் சுற்றி வரப்பு கட்டியதுபோல் தடித்த விளிம்பு. எந்தக் களிம்புக்கும் மசியாது. மாதங்கள் கழித்துத் தானாகவே ஆறும். ஆறிய இடத்தில் காசு அளவுக்கு ஒரு பள்ளத் தழும்பு வாழ்நாள் முழுக்க நிற்கும். உள்ளூர்க் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முகத்தில் வரும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு வந்து கொஞ்ச காலத்தில் கையிலோ காலிலோ வரும். கன்னத்துத் தழும்பைப் பார்த்தே ஒருவர் அலெப்போக்காரர் என்று சொல்லிவிடுவார்களாம்.

ஊர்க்காரர்கள் இந்தப் புண்ணில் ஆண், பெண் என்று இரண்டு சாதி பிரித்து வைத்திருந்தார்கள். ஒற்றையாக, வறண்டு, சீக்கிரம் ஆறிவிடுவது ஆண். நீர் வடிந்து, பரவி, ஆற ஓராண்டு ஆவது பெண். ரஸ்ஸல் இதைச் சிரித்துத் தள்ளாமல் எழுதிவைத்தார். அது நல்லதாயிற்று. 1914-இல் துர்கெஸ்தானில் வேலை பார்த்த யாக்கிமோஃப், ஷோகோர் இருவரும் இந்தப் புண்ணை உண்டாக்கும் உயிரியில் பெரிது, சிறிது என்று இரண்டு வகை இருப்பதாகச் சொன்னார்கள். இன்று அவை இரண்டு தனி இனங்கள். நகரத்தில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவி வறண்ட புண்ணைத் தருவது ஒன்று; பாலைவன எலிகளிடமிருந்து வந்து ஈரப் புண்ணைத் தருவது மற்றொன்று. அலெப்போவின் ஆண்–பெண் கணக்கு இதோடு அச்சு அசலாகப் பொருந்தாதுதான். ஆனாலும் ஒரே மாதிரித் தெரியும் புண்ணுக்குள் இரண்டு வகை ஒளிந்திருக்கிறது என்பதை நுண்ணோக்கி இல்லாமல் கண்டுபிடித்தவர்கள் அந்த ஊர் மக்கள்.

அவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவது அபூர்வம். அப்படியானால் முகத்தில் வந்து அழகைக் கெடுக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மேற்காசியாவின் பல ஊர்களில் தாய்மார்கள், வேறொருவர் புண்ணின் நீரை எடுத்துக் குழந்தையின் தொடையிலோ கையிலோ, துணி மறைக்கும் இடமாகப் பார்த்துக் கீறி வைத்தார்கள். அம்மை குத்துவதன் தங்கை இது.

சரி, இந்தப் புண்ணுக்குப் பெயர் என்ன? அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. அலெப்போவில் அலெப்போக் கட்டி. பாக்தாதில் பாக்தாத் கட்டி. அல்ஜீரியாவின் பிஸ்க்ராவில் பிஸ்க்ரா ஆணி, ஆப்கானிஸ்தானில் பல்க் புண், துர்க்மேனியாவில் பெந்தேப் புண், தாஷ்கண்டில் சார்த் புண். பாரசீகத்தில் மட்டும் ஊர்ப்பெயர் வைக்காமல் 'சாலக்' என்றார்கள். 'சால்' என்றால் ஆண்டு, ஓராண்டு நீடிப்பதால் அந்தப் பெயர். இந்தியாவில் லாகூர்ப் புண், முல்தான் புண், எல்லாவற்றிலும் பேர்போன டெல்லிப் புண். டெல்லிவாசிகள் அதற்கு ஔரங்கசீப் பெயரையே சூட்டியிருந்தார்கள். 1857-க்குப் பிறகு டெல்லியில் நிறுத்தப்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அது கொத்துக்கொத்தாக வந்தபோதுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. பழி விழுந்தது கிணற்றுத் தண்ணீர் மேல். அலெப்போவில் ஆற்றுத் தண்ணீர், டெல்லியில் கிணற்றுத் தண்ணீர். எந்த ஊரிலும் தண்ணீர் தப்பவில்லை.

ஊருக்கு ஊர் தனித்தனி நோய் என்று நினைத்ததால் ஒரு ஊர் மருத்துவர் கண்டதை இன்னொரு ஊர் மருத்துவர் தேடிப் படிக்கவில்லை. 1885-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குள் இந்த ஒட்டுண்ணியை மூன்று பேர் மூன்று ஊர்களில், ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள்.

முதலாமவர் கல்கத்தாவில் இருந்த டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம். காலராவைப் பற்றி ராபர்ட் கோக்கோடு முட்டிக்கொண்டவராக இந்தத் தொடரில் முன்பே வந்துபோனவர். 1885-இல் டெல்லிப் புண்ணின் சதைத் துண்டு ஒன்றைச் சாயமேற்றிப் பார்த்தார். பெரிய பெரிய அணுக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மணிமணியாகப் புள்ளிகள். இதுதான் கிருமி என்று எழுதினார். பாதி சரி. அவர் கிருமி என்று நினைத்த பெரிய அணு, நோயாளியின் சொந்த வெள்ளணு. கிருமியை விழுங்க வந்த காவலாளி. உள்ளே இருந்த மணிகள்தான் கிருமி. வீட்டைப் பார்த்துவிட்டுக் குடியிருப்பவர் இவர்தான் என்று சொன்ன கதை. ஆனால் அதுவரை யாரும் அந்த வீட்டு வாசலுக்கே போனதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாமவர்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர். பியோத்தர் ஃபோகிச் பொரோவ்ஸ்கி. ஜார் மன்னரின் படையில் அறுவை மருத்துவர். தாஷ்கண்ட் ராணுவ மருத்துவமனையில் வேலை. மத்திய ஆசியாவை ரஷ்யா விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. பெந்தே பாலைவனச் சோலையில் முகாமிட்ட ரஷ்யச் சிப்பாய்களுக்கும் தாஷ்கண்ட் நகரத்தாருக்கும் இந்தப் புண் சகஜம். மற்றவர்கள் புண்ணிலிருந்து எடுத்ததை வளர்ப்புத் தட்டில் போட்டு ஏதாவது பாக்டீரியா முளைக்கிறதா என்று காத்திருந்தார்கள். முளைத்தது, திறந்த புண்ணில் எந்தப் பாக்டீரியாதான் இருக்காது? ஆளுக்கொன்றைக் குற்றவாளி என்று எழுதினார்கள். பொரோவ்ஸ்கி புண்ணின் திசுவையே நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். உள்ளே குட்டிக்குட்டியான உருண்டை உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கரு. இது பாக்டீரியாவே இல்லை, புரோட்டோசோவா என்னும் ஓரணு உயிர் என்று 1898-இல் ரஷ்ய ராணுவ மருத்துவ இதழில் எழுதினார். அந்த உயிரிக்கு அவர் பெயர் வைக்கவில்லை.

ரஷ்ய மொழி, ராணுவ இதழ், தாஷ்கண்ட் முகவரி. மேற்கில் யார் கண்ணிலும் படாமல் போவதற்கு இந்த மூன்றில் ஒன்றே போதும். நாற்பது ஆண்டுகள் கழித்து, ரஷ்யாவில் படித்து வளர்ந்த செசில் ஹோர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1938-இல் அந்தக் கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்தபோதுதான், கன்னிங்ஹாமுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் நடுவில் இப்படி ஒரு மனிதர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்தது. பொரோவ்ஸ்கி 1932-இலேயே இறந்துவிட்டார். ரஷ்ய மருத்துவர்கள் மட்டும் இந்த நோயைப் பொரோவ்ஸ்கி நோய் என்று சொல்கிறார்கள். கண்டுபிடிப்பு வரிசையில் முதல் நாற்காலி அவருக்குத்தான் என்பது என் கட்சி.

மூன்றாமவர் பாஸ்டனில் இருந்தார். வெயிலும் இல்லை, பாலைவனமும் இல்லை; பனி கொட்டும் ஊர். 1903-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு ஆர்மீனியாவிலிருந்து புதிதாகக் குடியேறிய குடும்பத்தின் ஒன்பது வயதுச் சிறுமி வந்தாள். கன்னத்தில் ஆறாத புண். அங்கே நோய்க்குறியியல் பார்த்த ஜேம்ஸ் ஹோமர் ரைட், முந்தைய ஆண்டுதான் ரத்த அணுக்களுக்கு ஒரு புதிய சாயக் கலவையை உருவாக்கியிருந்தார். அந்தச் சாயத்தில் புண்ணின் திசுவை நனைத்துப் பார்த்தார். வெள்ளணுவின் வயிற்றுக்குள் நீல நிற உருண்டைகள். ஒவ்வொன்றிலும் பெரிதாக ஒரு புள்ளி, பக்கத்தில் குச்சிபோல இன்னொன்று. இரட்டைப் புள்ளி. இந்த இரண்டாவது குச்சிப் புள்ளிதான் இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்தின் கைநாட்டு. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ ஆயிரக்கணக்கான சிறு வளையங்களாகச் சங்கிலி கோத்து ஓரிடத்தில் குவிந்திருப்பது அது என்று பின்னால் தெரிந்தது. ரைட் அந்த உயிரிக்கு 'ஹெல்கோசோமா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் புண்–உடல் என்று பொருள். அவருடைய கட்டுரை 1903 டிசம்பரில் வந்தது.

அதற்குள் பெயர் போட்டி முடிந்துவிட்டிருந்தது. சென்ற அத்தியாயத்தில் பார்த்த கதைதான். டம்டம் முகாமிலிருந்து திரும்பி இறந்த சிப்பாயின் மண்ணீரலில் லீஷ்மன் கண்ட உருண்டைகள். சென்னைப் பொது மருத்துவமனையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி போட்டு, உயிரோடு இருக்கும் நோயாளியிடமிருந்தே சார்லஸ் டோனவன் எடுத்த அதே உருண்டைகள். இருவருக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணி 1903 நவம்பரில் ரொனால்டு ராஸ் வைத்த 'லீஷ்மேனியா டோனவானி' என்ற பெயர். காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் கிருமி அது. ரைட் வரைந்த படத்தையும் டோனவன் வரைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எதை வரைந்தார் என்று சொல்ல முடியாது. ஆகவே ரைட்டின் 'புண்–உடல்' கைவிடப்பட்டு, 1906-இல் அந்த உயிரி லீஷ்மேனியா டிராபிகா ஆயிற்று. சாயத்திலும் இதே கதைதான். நம் ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் ரைட்டின் சாயத்தைவிட லீஷ்மனின் சாயப் புட்டியைத்தான் அதிகம் பார்க்கலாம்.

இப்படியாகப் பாடப்புத்தகத்தில் இரண்டு பெட்டிகள் தயாராயின. மண்ணீரலில் இருந்தால் டோனவானி, ஆளைக் கொல்லும். தோலில் இருந்தால் டிராபிகா அல்லது மேஜர் (துர்கெஸ்தானில் 'பெரிது' என்று பிரித்த வகை), தழும்போடு விட்டுவிடும். தோலில் வாழ்பவை உடம்பின் உள்சூட்டைத் தாங்காமல் குளிர்ச்சியான தோலோடு நின்றுவிடுகின்றன என்று ஒரு விளக்கமும் கிடைத்தது. படங்களில் வித்தியாசமே இல்லையென்றாலும் பெட்டி பெட்டிதான். மாணவர்கள் நூறு ஆண்டுகள் இதை மனப்பாடம் செய்தார்கள்.

இந்தக் கிருமியைச் சுமந்து வருவது யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. இங்கே சென்னையின் பங்கு ஒரு தவறான பாதை. கிண்டி கிங் நிலையத்தில் வால்டர் ஸ்காட் பாட்டன் ஆண்டுக்கணக்கில் மூட்டைப்பூச்சிகளின் குடலைக் கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருமி அதற்குள் கொஞ்சம் வளரவும் செய்தது. அதனால்தான் அவரால் அந்தக் கட்சியை எளிதில் விட முடியவில்லை. அல்ஜீரியாவிலோ எட்மண்ட், எதியேன் என்ற செர்ஜான் சகோதரர்கள் மணல் ஈயின் மேல் சந்தேகம் வைத்திருந்தார்கள். 1921-இல் புண் மலிந்த பிஸ்க்ராவில் மணல் ஈக்களைப் பிடித்து, புண்ணே இல்லாத அல்ஜியர்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோய், நசுக்கி, முன்வந்தவர்களின் தோலைக் கீறித் தடவினார்கள். சில மாதங்களில் புண் வந்தது.

மணல் ஈயைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பெல்லாம் ரோமம். உட்காரும்போது இறகுகளை மடக்காமல் மேல்நோக்கித் தூக்கி வைத்துக்கொள்ளும். கொசுபோல ரீங்காரம் இல்லை. நேராகப் பறக்காமல் சுவரில் தத்தித் தத்திப் போகும். கொசுவலைக் கண்ணிக்குள் நுழைந்துவிடும் உருவம். முட்டையைத் தண்ணீரில் இடாது. மாட்டுத் தொழுவத்தின் ஈர மண், விரிசல் விட்ட மண்சுவர், எலி வளை, கறையான் புற்று இதன் பிரசவ அறைகள். வீட்டைச் சுற்றிய தேங்காய்ச் சிரட்டையையும் டயரையும் கவிழ்த்து வைப்பதால் இதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. கடிப்பது பெண் ஈ மட்டும்.

நசுக்கித் தடவினால் நோய் வருகிறது, சரி. கடித்தால் வர வேண்டாமா? அங்கேதான் எல்லோரும் சிக்கிக்கொண்டார்கள். கடிக்கவிட்டுக் கடிக்கவிட்டுப் பார்த்தும் யாருக்கும் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் ரத்தம் குடித்த ஈக்கள் அற்பாயுசில் செத்துக்கொண்டிருந்தன. 1940-இல் இந்தியாவில் காலா அசாரை ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்மித்தும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். ஈக்கு ரத்தச் சாப்பாட்டுக்குப் பிறகு உலர்ந்த திராட்சை கொடுத்தார்கள். அவ்வளவுதான். இனிப்புச் சாற்றை உறிஞ்சிய ஈயின் தொண்டைக்குழியில் கிருமிகள் பெருகி அடைத்துக்கொண்டன. தொண்டை அடைத்த ஈ ரத்தம் உறிஞ்ச முடியாமல் திணறி, அடைப்பைக் கடிவாயிலேயே கக்கியது. காட்டில் ஈக்கள் செடிகளின் சாற்றைக் குடித்துத்தானே உயிர் வாழ்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அதைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கைப்பிடித் திராட்சைக்கு முப்பது ஆண்டுக் காத்திருப்பு.

1941-இல் ஜெருசலேமில் அட்லர், பெர் இருவரும் மணல் ஈயைக் கடிக்கவிட்டே தோல் புண்ணை வரவழைத்தார்கள். அவர்கள் ஈயின் உணவில் உப்பைக் கூட்டிப் பார்த்தவர்கள். 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் காலா அசாரை அதேபோல, திராட்சை தின்ற ஈக்களின் கடியால், முன்வந்த மனிதர்களுக்கு வரவழைத்துக் காட்டினார்கள். அந்த ஈயின் பெயர் ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ். வெள்ளிக் காலி என்று தமிழில் சொல்லலாம். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஐம்பது ஆண்டுகள் தாண்டி, கடலையும் தாண்டி இலங்கைக்கு வருவோம். லீஷ்மேனியா இல்லாத நாடு என்றே இலங்கை அறியப்பட்டிருந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களிடம் எப்போதாவது ஒரு புண் தென்படும். 1992-இல், நாட்டை விட்டு வெளியே போகாத ஒருவருக்குத் தோல் புண் வந்ததாக அறிக்கை வெளியானது. பிறகு 2001-ஐ ஒட்டி வடக்கில், காட்டோரக் காவல் நிலைகளில் பணியிலிருந்த சிப்பாய்கள் ஒருவர் பின் ஒருவராகப் புண்ணோடு வந்தார்கள். அலெப்போவின் புண் மாதிரியேதான். ஒற்றைப் பரு, வலி இல்லை, அரிப்பு இல்லை, ஆறவும் இல்லை. சிப்பாய்களைத் தொடர்ந்து அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களின் விவசாயிகள், இல்லத்தரசிகள், பள்ளிப் பிள்ளைகள். 2008-இல் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலில் இது சேர்ந்தது. 2018-இல் அந்த ஆண்டில் மட்டும் பதிவானவர்கள் 3,000-ஐத் தாண்டினார்கள்.

தோல் புண் என்றால் டிராபிகா அல்லது மேஜர். பாடம் அப்படித்தானே? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நதீரா கருணாவீரவும் அவரோடு வேலை செய்தவர்களும் கிருமியை வளர்த்து, அதன் நொதிகளை வகைபிரித்துப் பார்த்தார்கள். பிரான்சின் மோன்பெல்லியே நகரம் வைத்திருக்கும் வரிசைப்படி அது மோன்–37. 2003-இல் முடிவு வெளியானது: லீஷ்மேனியா டோனவானி. டோனவன் சென்னைச் சிறுவனின் மண்ணீரலில் கண்ட, ஆளைக் கொல்லும் அதே இனம். இங்கே மண்ணீரல் பக்கமே போகாமல் கன்னத்தில் உட்கார்ந்து பருவாக முளைத்திருக்கிறது. சுமந்து வந்தது வெள்ளிக் காலி. 2009-இல் கருணாவீர எழுதிய ஒரு கட்டுரைத் தலைப்பு, இது ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயா என்று கேட்டது. கேள்வி நியாயமானது. பிறகு இலங்கையிலேயே சிலருக்கு உள்ளுறுப்பு நோயும் வந்தது.

மருத்துவருக்கு இதில் என்ன சங்கடம் என்றால், புண்ணைப் பார்த்து இனத்தைச் சொல்லவும் முடியாது, இனத்தைப் பார்த்து நோய் எந்த உறுப்பில் வரும் என்று சொல்லவும் முடியாது. 1903-இல் போட்ட பெட்டியின் அடிப்பலகை கழன்றுவிட்டது.

அப்படியானால் தோலுக்குப் போவதா மண்ணீரலுக்குப் போவதா என்று கிருமிக்குச் சொல்லித்தருவது எது? 2005-இல் லீஷ்மேனியா மேஜரின் மரபணுத் தொகுப்பு முழுதாக வாசிக்கப்பட்டது: 36 குரோமோசோம்கள், எட்டாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மூன்று இனங்களை ஒப்பிட்டபோது, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத மரபணுக்கள் சுமார் 200-தான் தேறின. நோயோ ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான தூரம். இலங்கை இந்த ஆய்வுக்கு ஒரு வரம். ஒரே தீவு, ஒரே இனம், ஒரே ஈ. ஒருவருக்குத் தோலில், இன்னொருவருக்கு உள்ளுறுப்பில். 2014-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கிரெக் மட்லஷெவ்ஸ்கியின் குழு இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து, இரண்டு நோயாளிகளின் கிருமிகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டது. தோல் கிருமியில் ஏ2 என்ற மரபணுக் குடும்பம் குறைந்துபோயிருந்தது. வேறு சில மரபணுக்களில் ஓர் எழுத்து, ஈரெழுத்து மாறியிருந்தது. எலியின் உள்ளுறுப்புகளில் அது சரியாகப் பிழைக்கவில்லை. உள்ளுறுப்புக் கிருமியின் மரபணுவை அதற்குள் புகுத்தியதும் பிழைக்கும் திறன் கூடியது. சில எழுத்துப் பிழைகள் ஒரு கொலைகாரனைத் தழும்புக்காரனாக்கியிருக்கின்றன.

2021-இல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இன்னொரு கட்டுரை என்னை அதிகம் அசத்தியது. உலகெங்கும் சேர்த்துவைத்த மரபணுத் தொகுப்புகளை அலசியபோது, இலங்கைத் தோல் கிருமிகளில் சில கலப்பினம் என்று தெரிந்தது. டோனவானியோடு டிராபிகாவும் மேஜரும் கலந்த தடயம் அவற்றில் இருக்கிறது. ஈயின் வயிற்றுக்குள் இரண்டு கிருமிகள் மரபணு கொடுத்து வாங்க முடியும் என்பது அதற்கு முன்பே சோதனைகளில் தெரிந்ததுதான்.

சிகிச்சையைப் பொறுத்தவரை நாம் பெரிதாக முன்னேறவில்லை என்பது என் வருத்தம். புண்ணுக்குள்ளேயே ஆன்டிமணி மருந்தை வாரம் ஒருமுறை ஊசியால் ஏற்றுவது இலங்கையின் வழக்கமான முறை. முகத்துப் புண்ணில், அதுவும் குழந்தையின் முகத்தில், வாரம் தவறாமல் ஊசி என்றால் பலர் பாதியில் நின்றுவிடுவதில் வியப்பில்லை. திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் உண்டு. கருணாவீர குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் சூட்டைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஒரு சிறு கருவியால் புண்ணை 50 டிகிரி வெப்பத்தில் 30 நொடி, ஒரே ஒரு முறை சுடுவது. பலன் வாராந்திர ஊசிக்குக் குறையவில்லை.

தடுப்பூசி இன்னும் இல்லை. இருக்கும் ஒரே அனுபவம் மேற்காசியத் தாய்மார்களுடையது. சோவியத் ஒன்றியமும் இஸ்ரேலும் அதை முறைப்படுத்தி உயிருள்ள கிருமியைக் குத்திப் பார்த்தன; 1980களின் போர்க்காலத்தில் ஈரான் லட்சக்கணக்கானோருக்குக் குத்தியது. பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் சிலருக்குக் குத்திய இடம் ஆறாமல் பெரும் புண்ணாயிற்று, முறை கைவிடப்பட்டது. 2004-இல் அங்கமுத்து செல்வபாண்டியனும் கூட்டாளிகளும் டோனவானியிலிருந்து சென்ட்ரின் என்ற மரபணுவை நீக்கினார்கள். அது இல்லாத கிருமி மனித அணுவுக்குள் போகும், ஆனால் அங்கே பெருகாது. 2020-இல் கிரிஸ்பர் முறையில் மேஜர் இனத்திலும் அதே மரபணு வெட்டி எடுக்கப்பட்டது. புண் வராமல் எலிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. தொடையில் கீறிவைத்த அந்தப் பாட்டிகளின் யோசனைதான், கத்தி மட்டும் மாறியிருக்கிறது.

இலங்கைக் கதை இலங்கையோடு முடியவில்லை. பொதிகை மலையின் மேற்குச் சரிவில், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்துக் காட்டுக்குள் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் உண்டு. அவர்களிடமும் ஆறாத தோல் புண்கள் காணப்பட்டன. 2015-இல் வெளியான ஆய்வு, அங்கேயும் காரணம் லீஷ்மேனியா டோனவானி என்றது. வடக்கே இமாசலப் பிரதேசத்தின் சட்லெஜ் பள்ளத்தாக்கிலும் இதே கதை. ராஜஸ்தானின் பீகானேரில் மட்டும் பழைய டிராபிகா, பழைய பாடத்தின்படியே.

உலகில் ஆண்டுக்கு ஆறு லட்சம் முதல் பத்து லட்சம் பேர்வரை இந்தத் தோல் புண் புதிதாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வெள்ளிக் காலி தமிழ்நாட்டிலும் பறக்கிறது. அது பறப்பதால் மட்டும் நோய் வந்துவிடாது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத, வலிக்காத, அரிக்காத ஒரு பரு முகத்திலோ கையிலோ இருந்தால், மருந்துக்கடையில் களிம்பு மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள். விளிம்பிலிருந்து துளி திசுவைக் கீறி எடுத்துக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றிப் பார்த்தால் அந்த இரட்டைப் புள்ளி தெரிந்துவிடும். போனதும் முதலில், கடந்த ஓராண்டில் எந்தெந்த ஊரில் தங்கினீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அநுராதபுரமோ, பீகானேரோ, பொதிகைக் காடோ, வளைகுடாவோ, ஊர்ப்பெயரை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

(தொடரும்)